பாட்டு நிற்கும் இடங்கள்

காரில் அதிர அதிர அடிக்கிற சப்வூபர் ஒன்று பூட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் பஹ்மி முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் நரைத்த தலைமுடியைப் பார்த்தான்.

"சேர், இது வேன் ஓட்டுற பொடியன்மார் கேக்குற சாமான். ஒங்களுக்கு எதுக்கு?"

"தவில் கேக்க," என்றேன்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் தவில் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பஹ்மியும் கேட்கவில்லை. திகனச் சந்தியில் அவனுடைய கடை. கார்களுக்குப் பாட்டு செட், ஹோர்ன், லைற் எல்லாம் பூட்டுவான். நான் நில அளவையாளன். விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காணிகளை அளக்கப் போகும்போதும் வரும்போதும் அவன் கடையில் ஒரு பிளேன்ரீ குடிப்பேன். கண்டியில் என் பெயரை அம்பிகைபாகன் என்று ஓர் எழுத்தையும் விழுங்காமல் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். அலுவலகத்துச் சிங்களவர்களுக்கு நான் வெறும் 'அம்பி மாத்தயா', அம்பி ஐயா.

தவில் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. கமலாசனி வரப்போகிறாள் என்பதுதான் முழு உண்மை.

கமலாசனி என் மனைவி. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு படிப்பிக்கிறாள். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை நான் பஸ் ஏறிப் போய் வருவேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையை மூடினார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் அந்தப் பாதையைக் கண்டி வீதி என்றுதான் சொல்லும். அதன் ஒரு முனையில் அவள், மறு முனையில் நான், நடுவில் யுத்தம். ரெலிபோன் இருந்தது. யார் ஒட்டுக் கேட்கிறார்களோ என்ற பயத்தில் "சாப்பிட்டாச்சோ", "அங்க மழையோ" என்பதற்கு மேல் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நானும் என் மனைவியும் மழையைப் பற்றியே கதைத்தோம்.

இப்போது அவளுக்கு வெளியே வர ஆமியின் அனுமதி கிடைத்திருந்தது. விமானத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானைக்கு வருகிறாள். இரண்டு கிழமை என்னோடு நிற்பாள். அதற்குள் நான் அவளிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். திரும்பிப் போகவேண்டாம், இங்கேயே இரு என்று கேட்க வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிகமாக எடுப்பார்களா என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். கேட்பது ஒன்றுதான் மிச்சம். அதுதான் எனக்கு வராது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவளிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டவனில்லை. கேட்காமலே தேத்தண்ணி வந்தது, கேட்காமலே மகள் வளர்ந்து கல்யாணம் முடித்து ரொறன்ரோவுக்குப் போனாள். கமலாசனியோ, இரு என்று சொல்லாத இடத்தில் ஒரு நிமிஷமும் இருக்கமாட்டாள். அவளுடைய வளர்ப்பு அப்படி.

இரத்மலானையிலிருந்து கண்டிக்கு நாலு மணித்தியாலம். பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு அவ்வளவு நேரமும் என்னத்தைக் கதைப்பது? மழையும் முடிந்துபோனால்? நல்ல செட் ஒன்று இருந்தால் பாட்டு பார்த்துக்கொள்ளும் என்று முடிவு கட்டினேன். அவளுக்குப் பாட்டு என்றால் உயிர்.

பஹ்மி அம்ப்ளிபயரையும் சப்வூபர் பெட்டியையும் டிக்கிக்குள் வைத்து இடம் பார்த்தான். பிறகு விரல் தடிப்பில் ஒரு சிவப்பு வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பொனற்றைத் திறந்தான்.

"இது என்ன?" என்றேன்.

"பவர் வயர் சேர். பற்றறியில ஈந்து நேரே டிக்கிக்கு இழுக்கணும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "பஹ்மி, உனக்கு மூளை கிடக்கா? பற்றறியிலை இருந்து சிவப்பு வயர் போகுது. டிக்கிக்குள்ளை ஒரு பெட்டி கிடக்குது. ஓட்டுறவன்ரை ஐடென்ரிற்றி கார்ட்டிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்குது. செக் பொயின்ற்றிலை என்ன நினைப்பாங்கள்?"

எங்கே எது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பஹ்மி வயரைத் திரும்பச் சுற்றினான். "அப்ப எப்பிடி சேர் செய்ற?"

"உள்ளுக்குள்ளை எங்கையாவது இருந்து எடு. கண்ணுக்குத் தெரியக்கூடாது."

டாஷ்போர்டுக்குக் கீழே, கண்ணாடி இறக்கும் மோட்டர்களுக்கும் உள் லைற்றுக்கும் போகிற லைன் ஒன்று இருந்தது. அதிலிருந்து மெல்லிய கறுப்பு வயர் ஒன்றைப் பிரித்து, கார்ப்பெற்றுக்கு அடியால் கொண்டுபோய் அம்ப்ளிபயருக்குக் கொடுத்தான். காரில் உள்ள எல்லா ஸ்பீக்கரும் அந்த அம்ப்ளிபயரில்தான் தொங்கின.

"இது சரிவராது சேர். நான் சொல்லிட்டன்," என்றான்.

ஆனால் அது பாடியது. தவிலில் விழுந்த அடி நேரே என் முதுகில் விழுந்தது. அம்பிட்டியவில் உள்ள என் வாடகை அனெக்ஸுக்குச் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினேன். தனியாக ஓட்டும்போது சிரித்து எத்தனையோ நாள்.

தென்னக்கும்புரப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பாட்டு நின்றது. சத்தம் குறையவில்லை, கரகரக்கவில்லை, கழுத்தைப் பிடித்து நிறுத்தியது மாதிரி அப்படியே நின்றது. சாவடியைக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் டிக்கிக்குள்ளிருந்து 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு பாட்டு ஒன்றும் நடக்காதது போல வந்தது.

மறுநாள் பஹ்மியிடம் போனேன். அவன் எர்த் வயர் பூட்டிய இடத்தில் பெயின்றைச் சுரண்டி, இரும்பு தெரிய மறுபடி இறுக்கினான். செட்டை முழுச் சத்தத்தில் வைத்துக் கண்டி வரைக்கும் போய்வந்தான். சாவடியும் தாண்டித்தான் வந்தான். பாட்டு நிற்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் நின்றது. சூடு ஏறுகிறதாக்கும் என்று அம்ப்ளிபயருக்குக் காற்றுப்பட இடம் விட்டான். நின்றது. ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தான். நின்றது.

"நான் ஓட்டினா நிக்குதில்ல, சேர் ஓட்டினா நிக்குது," என்றான். "நான் என்ன செய்ற?"

அதற்கு நான் அவனைப் பேசிய பேச்சு சந்தி முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் வெட்கமில்லாமல் அவனுடைய பிளேன்ரீயையே குடித்தேன்.

ஒரு நாள் சாவடியைக் கடப்பதற்கு முதலே அந்த 'டும்' வந்துவிட்டது. சின்ன வயது ஆமிக்காரன். ஓர் அடி பின்னால் பாய்ந்து துவக்கைத் தூக்கிவிட்டான். "பாட்டு ஐயா, பாட்டு," என்று எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்து தமிழில் கத்தினேன். டிக்கியைத் திறந்து பெட்டியைக் காட்டினேன். துவக்கை இறக்காமலே அவன் எட்டிப் பார்த்தான். செட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன். கழற்றினால் நாலு மணித்தியாலமும் சும்மா இருக்கவேண்டுமே என்ற பயம் துவக்குப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கமலாசனி இரத்மலானையில் கையில் ஒரு பையோடு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும் போல் இருந்தது. பையைத்தான் பிடித்தேன்.

"வாரும்," என்றேன்.

"கண்டியிலை மழையோ?" என்று கேட்டாள்.

"ஓம், பின்னேரத்திலை பெய்யுது."

காரில் ஏறியதும் பாட்டைப் போட்டேன். அவளுக்குப் பிடித்த பாட்டுகளாகத் தேடிச் சீடியில் அடிப்பித்து வைத்திருந்தேன். முதல் பாட்டிலேயே அவளுடைய விரல்கள் கைப்பையில் தாளம் போட்டன. பாட்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தது வீண்போகவில்லை. கொழும்பு தாண்டுமட்டும் இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. அது குறையாகவும் தெரியவில்லை.

கடவத்தையில் சாவடி. வழமையாகச் செய்வதை எல்லாம் செய்து காரை நிறுத்தினேன். பாட்டு நின்றது. ஆமிக்காரன் அடையாள அட்டைகளைப் பார்த்துத் தந்தான். காரை எடுத்தேன். பாட்டு வரவில்லை.

"கொஞ்சத்தாலை வரும்," என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

சத்தமில்லாத காருக்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா மெலிஞ்சு போனியள்."

"நீரும்தான்."

"உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"கடையிலைதான்." பிறகு, சொல்லவேண்டும் என்று நினைக்காமலே சொன்னேன். "தனியச் சாப்பிடேக்கை சமைக்க மனம் வருகுதில்லை கமலா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். 'டும்' என்றது. பாட்டு வந்துவிட்டது.

வரக்காப்பொலையிலும் நின்றது. "என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளையைக் காணேல்லை," என்றாள் அவள், வீதியைப் பார்த்தபடி.

"எப்ப இருந்து?"

"மாசியிலை. ரியூசனுக்குப் போனவன். அவன்ரை கதிரையை எடுத்துக்கொண்டு போக அடுத்த வகுப்பு ரீச்சர் வந்தவா. நான் விடேல்லை. தாய் ஒவ்வொரு வெள்ளியும் வந்து வாசலிலை நிண்டு அந்தக் கதிரையைப் பாத்திட்டுப் போவா."

இதை அவள் ரெலிபோனில் சொல்லியிருக்க முடியாது. அவள் மழை என்று சொன்ன நாள்களில் எந்த நாள் இது என்று யோசித்தேன். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். பாட்டு வந்ததும் கியர் மாற்றுவதற்காக எடுத்தேன்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் அன்று நல்ல வெயில். சாவடியில் மறித்தார்கள், பார்த்தார்கள், விட்டார்கள். பாட்டு வழமைபோல நின்றிருந்தது.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" என்றாள். "பட்டப்பகலிலை ஏன் உள் லைற்றைப் போடுறியள்?"

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான், லைற் எரிந்துகொண்டிருந்தது. "இரவிலை போடச் சொல்லுறவங்கள். பழகிப்போச்சு."

"நாலு கண்ணாடியையும் ஏன் கீழை பதிக்கிறியள்? அவன் ஒரு பக்கத்திலைதானே நிக்கிறான்."

"உள்ளுக்கு வேறை ஒருத்தரும் இல்லை எண்டு அவங்களுக்குத் தெரியவேணும்."

"அவனைப் பாத்து ஏன் அப்பிடிச் சிரிக்கிறியள்?"

நான் சிரிப்பது எனக்கே தெரியாது. அந்தக் காரில் என் பக்கத்துச் சீற்றில் யாரும் இருந்து பார்த்ததில்லை.

கமலாசனி மெல்லச் சொன்னாள். "அங்க எங்களுக்கும் பயம்தான். ஆனா ஊரெல்லாம் சேர்ந்து பயப்பிடுறம். நீங்கள் இஞ்ச தனிய இருந்து பயப்பிடுறியள்."

கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் இனி வராது. 'இரும், கமலா' என்று இரண்டே சொல். வாய்க்குள் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் என் புத்திக்கு வேறொன்று எட்டியது.

"அதுதான்!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுப் போனாள். "எது?"

"கண்ணாடி! நாலு மோட்டரும் ஒரே நேரத்திலை இழுக்குது. லைற்றும் அதே லைன். என்ஜின் சும்மா இரையுது. அந்த மெல்லிய வயராலை கரண்ட் காணாமல் அம்ப்ளிபயர் தன்னைத்தானே நிப்பாட்டிப்போடுது. பஹ்மி ஓட்டேக்கை ஒரு கண்ணாடியைத்தான் பதிச்சிருப்பான். அதுதான் அவனுக்கு நிக்கேல்லை!"

பேராதனை வரும்வரைக்கும் விளக்கம் சொன்னேன். பற்றறி, வயரின் தடிப்பு, ஒன்றையும் விடவில்லை. பாட்டு எப்போது திரும்ப வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. கமலாசனி வெளியே பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றாள்.

அவள் வந்ததோடு அனெக்ஸின் முகமே மாறிவிட்டது. திரைச்சீலைகளைத் தோய்த்தாள். வீட்டுக்கார அம்மாவிடம் சிங்களச் சொற்கள் கேட்டுப் படித்தாள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம், வாவியைச் சுற்றி நடந்தோம். நான் வேலையால் வரும்போது உள்ளே கறி தாளிக்கிற மணம் வரும். வாசலில் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்று அந்த மணத்தைப் பிடிப்பேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கேட்பேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவேன். சாப்பிட்டு முடிய ரி.வி.யில் செய்தி போகும். அங்கே செத்தது இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேள்வி வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

ஒரு நாள் அவள் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, "இதிலை ஒரு தட்டு வெறுமையாக் கிடக்குது," என்றாள்.

"ஓம். பழைய மேப்புகள் வைச்சிருந்தனான். எடுத்திட்டன்."

இன்னும் கொஞ்ச நேரம் அலுமாரிக்கு முன்னால் நின்றாள். பிறகு மூடினாள். அவளுடைய சேலைகள் கடைசிவரைக்கும் பைக்குள்ளேயே இருந்தன.

பஹ்மியிடம் போய் நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். "பகல்லயும் லைட்டா சேர்?" என்றான். "நாலு கண்ணாடியும்?" வெல்டிங் பிளான்ருக்குப் பாவிக்கிற தடித்த கறுப்புக் கேபிள் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்தான். அதைப் பற்றறியிலிருந்து காரின் அடியால், சைலன்சர் குழாயில் படாமல், யார் கண்ணுக்கும் படாமல் டிக்கிக்குக் கொண்டுபோனான். என்ஜினை இரைய விட்டு, எல்லா லைற்றையும் போட்டு, நாலு கண்ணாடியையும் ஒன்றாக இறக்கினோம், ஏற்றினோம். பாட்டு அசையவில்லை. நான் பஹ்மியைக் கட்டிப்பிடித்தேன்.

"மேடம் நிப்பாங்களா சேர்?" என்று கேட்டான். அவனுடைய மனைவி பாயிஸா கமலாசனிக்கென்று இனிப்பு வட்டலப்பம் அனுப்பியிருந்தாள்.

"போகேக்கை காருக்குள்ளை கேப்பன்," என்றேன். "நாலு மணித்தியாலம் கிடக்குதுதானே."

போகிற நாள் விடியவே வெளிக்கிட்டோம். கேட்டு அவள் ஓம் என்றால் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு வருவது என்று எண்ணம். பாட்டைப் போட்டேன். அது முன் எப்போதும் இல்லாத மாதிரிப் பாடியது. கடுகண்ணாவையில் ஆமிக்காரன் டிக்கியைத் திறக்கச் சொன்னான். பெட்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. சத்தத்தைக் கூட்டச் சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு "ஹரி, யன்ன", சரி போ, என்று கையைக் காட்டினான். நாலு கண்ணாடியும் கீழே கிடந்தன, லைற் எரிந்தது, பாட்டு நிற்கவில்லை. நான் பெருமையோடு கமலாசனியைப் பார்த்தேன். அவள் அந்த அம்ப்ளிபயர் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இந்தப் பாட்டு முடியட்டும், கேட்கிறேன் என்று நினைத்தேன். ஒன்று முடிய அடுத்தது மூச்சு விடாமல் தொடங்கியது. கைக்கெட்டிய தூரத்தில்தான் நிறுத்துகிற பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பாள், அப்போது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று பயந்தேன். வரக்காப்பொல போனது. நிட்டம்புவ போனது. கடவத்தையும் போனது. ஒரு சாவடியிலும் பாட்டு நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

இரத்மலானையில் வாகனங்களை வாசலுக்கு அப்பால் விடமாட்டார்கள். ஆள்களை இறக்கியதும் எடுத்துவிட வேண்டும். என்ஜினை நிறுத்தினேன். பாட்டு அப்போதுதான் நின்றது. கமலாசனி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தாமல் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"வரேக்கை செக் பொயின்ற்றுகளிலை எல்லாம் பாட்டு நிண்டுது என்ன," என்றாள்.

"இனி நிக்காது," என்றேன்.

"ஓம். நான் ஒவ்வொரு செக் பொயின்ற்றிலையும் நிக்கும் நிக்கும் எண்டு பாத்துக்கொண்டு வந்தன்."

கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். அவள் சொன்னது எனக்குள் இறங்க ஒரு கணம் எடுத்தது. கதவைத் திறந்து பாதி வெளியே வந்து, "கமலா!" என்று கூப்பிட்டேன். சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டேன். அவள் நின்றாள். திரும்பினாள். பையை நிலத்தில் வைத்தாள்.

"என்ன?" என்றாள்.

ஆமிக்காரன் பொனற்றில் கையால் தட்டினான். வாகனத்தை எடு, இங்கே நிற்காதே என்றான். நான் அவனைப் பார்த்து, எனக்கே தெரியாத அந்தச் சிரிப்பைச் சிரித்தேன். கமலாசனிக்கு, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

அவள் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.